ஓட்டமே அடுப்பு... தெரியுமா?

ஒரே சாலை, ஒரே பெண். 2011-ல் பாஸ்டன் மாரத்தானின் 42.195 கிலோமீட்டரை 2 மணி 22 நிமிடம் 38 விநாடியில் ஓடினார். வெறும் 2 விநாடியில் முதலிடத்தைக் கோட்டைவிட்டார். ஏழு வருடம் கழித்து, அதே சாலையில், அதே தூரத்துக்கு 2 மணி 39 நிமிடம் 54 விநாடி எடுத்துக்கொண்டார். 17 நிமிடம் மந்தம்! ஆனால் ஜெயித்தார்! அதுவும் மயிரிழையில் இல்லை, அடுத்து வந்தவருக்கும் அவருக்கும் நடுவே 4 நிமிடம் 10 விநாடி இடைவெளி! 1985-க்குப் பிறகு அந்தப் பந்தயத்தில் வென்ற முதல் அமெரிக்கப் பெண். பெயர் டெஸ் லிண்டன்.

வேகமாக ஓடியபோது தோல்வி, மெதுவாக ஓடியபோது வெற்றி. இது எப்படி?

காற்று திரும்பிவிட்டது, அவ்வளவுதான். பாஸ்டன் பந்தயம் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிகிற பந்தயம் அல்ல. ஹாப்கின்டன் என்ற சிற்றூரில் கிளம்பி, ஏறக்குறைய ஒரே திசையில் கிழக்கே ஓடி, நகரத்துக்குள் போய் முடியும். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமோ, கடைசிவரை அந்தப் பக்கம்தான். 2011-ல் அது முதுகில் கைவைத்துத் தள்ளியது. கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02-ல் முடித்தார். அதுவரை பூமியில் எவரும் மாரத்தானை அவ்வளவு வேகமாக ஓடியதில்லை! (ஒருவழிப் பாதை, போதாததற்கு இறக்கம் என்பதால் அது உலக சாதனையாக ஏறவில்லை, பாவம்.) 2018 ஏப்ரல் 16-ல் காற்று முகத்தில் அறைந்தது. வெப்பநிலை 3 டிகிரி செல்சியஸை ஒட்டி. கூடவே விடாத மழை. ஆண்களில் வென்ற ஜப்பானியர் யூக்கி கவாவுச்சிக்கு 2:15:58 ஆனது. அவ்வளவு மெதுவாக ஓடி பாஸ்டனில் ஓர் ஆண் அதற்கு முன் ஜெயித்தது எப்போது தெரியுமா? 1976-ல்! அன்று ஜாக் ஃபுல்ட்ஸ் 2:20:19-ல் வென்றார். ஆனால் அன்றைக்கு அங்கே குளிர் இல்லை, 37 டிகிரியை ஒட்டிய வெயில்! வழியில் இருந்தவர்கள் தோட்டக் குழாயால் ஓட்டக்காரர்கள்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். வெயிலும் குளிரும், ஒன்றுக்கொன்று பரம விரோதிகள், அந்தச் சாலையில் ஒரே வேலையைச் செய்து காட்டியிருக்கின்றன.

ஓடுகிற மனிதர் ஒரு இஸ்திரிப் பெட்டி என்பது தெரியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடினால் அவர் உடல் சுமார் 1,000 வாட் எரிக்கிறது. அதில் நாலில் ஒரு பங்குதான், சில சமயம் அதுகூட இல்லை, கால்களை நகர்த்தும் வேலையாகிறது. மிச்சம் 750, 800 வாட் வெறும் சூடு! சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதே ஆள் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் சூடு தருவார். ஓட ஆரம்பித்ததும் பல்பு இஸ்திரிப் பெட்டியாகிறது.

வெயில் காலத்தில் இந்தச் சூடுதான் எமன். தசைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்பி, வியர்த்து, ஆவியாக்கி, உடல் மூச்சுத் திணறும். சென்னையில் ஜனவரியில் நடக்கிற மாரத்தான்கூட விடிவதற்கு வெகுமுன்பே, அதிகாலை 4 மணிக்கு இருட்டில் தொடங்குவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? குளிரிலோ அதே சூடு வரம். ஆனால் ஒரு நிபந்தனையோடு வருகிற வரம்: ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேகம் குறைந்து நடையாகிவிட்டால் 1,000 வாட் 250 வாட்டாகச் சுருங்கிவிடும். அடுப்பில் நாலு விறகில் மூன்றை உருவியதுபோல! வெளியே குளிர் குறைந்திருக்காது, காற்று நின்றிருக்காது, சட்டை காய்ந்திருக்காது. உள்ளே நெருப்பு மட்டும் அணைந்துகொண்டிருக்கும். குளிர்ப் பந்தயத்தில் வேகம் என்பது கடிகாரத்துக்கு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. வேகம்தான் போர்வை, வேகம்தான் குமுட்டி அடுப்பு. கீழே வருகிற விசித்திரங்கள் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சிலிருந்து பிரிந்தவைதான்.

சரி, எத்தனை டிகிரி குளிர் நல்லது? 1997-ல் வெளியான ஓர் ஆய்வில் எட்டு ஆண்களை நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் ஏற்றினார்கள். ஒரே அளவு கடின உழைப்பு, களைத்துப்போய் நிறுத்தும்வரை. அறையின் வெப்பநிலையை மட்டும் மாற்றினார்கள். 31 டிகிரியில் சராசரியாக 52 நிமிடம் தாங்கினார்கள். 21 டிகிரியில் 81 நிமிடம். 11 டிகிரியில் 94 நிமிடம்! அப்படியே இன்னும் குளிர்ந்தால் இன்னும் ஏறும் என்றுதானே நினைக்கிறோம்? 4 டிகிரியில் மறுபடி 81-க்கு இறங்கிவிட்டது! 4 டிகிரியும் 21 டிகிரியும் உடலுக்கு ஒரே விலை. நம்மூர் ஏசி அறையும் குளிர்பெட்டியின் உட்புறமும் ஒன்று என்கிறது இந்தக் கணக்கு. உச்சம் நடுவில், 11 டிகிரியை ஒட்டி.

சாலையிலும் ஏறக்குறைய அதேதான். பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய ஆறு ஊர்களில் பத்து ஆண்டுகள் நடந்த மாரத்தான்களை அலசிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஓட்டம் மிகச் சிறப்பாக அமையும் வெப்பநிலை 3.8 டிகிரியிலிருந்து 9.9 டிகிரிக்குள் விழுகிறது என்று 2012-ல் எழுதினார்கள். எலியூட் கிப்சோகே 2 மணி நேரத்துக்குள் மாரத்தான் தூரத்தை ஓடிக் காட்டிய 1:59:40 நினைவிருக்கிறதா? 2019 அக்டோபர் 12, வியன்னா, காலை 8:15. அந்தத் தேதியே முன்கூட்டி முடிவானதல்ல! ஒரு வாரத்துக்கும் மேலான கால இடைவெளியை ஒதுக்கிவைத்து, வானத்தைப் பார்த்துப் பார்த்து, முகூர்த்தம் குறிப்பதுபோலக் குறித்தார்கள். அன்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவருக்கு ஆன நேரம் 2 நிமிடம் 48 விநாடிக்கும் 2 நிமிடம் 52 விநாடிக்கும் நடுவிலேயே நின்றது. 42 கிலோமீட்டரில் நாலே விநாடி ஊசலாட்டம்! கடிகாரம் ஓடினால்கூட இப்படி ஓடுமா?

அவரைப்போலவே கென்யாக்காரரான கெல்வின் கிப்டம் வேறு ரகம். 2023 அக்டோபர் 8, சிகாகோ. முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி! களைத்துப்போன கால்களோடு முன்னைவிட ஒரு நிமிடம் வேகமாக! மொத்தம் 2:00:35, அன்றைய உலக சாதனை. நாலே மாதத்தில் ஒரு சாலை விபத்தில் 24 வயதில் போய்விட்டார்.

இதில் மூளைக்கு என்ன பங்கு? அது ஒரு பயந்த கணக்குப்பிள்ளை. 15 டிகிரியிலும் 35 டிகிரியிலும் 20 கி.மீ. சைக்கிள் ஓட்டச் சொன்ன ஒரு சோதனையில், சூட்டில் ஓட்டியவர்களின் கால்கள் வேகம் குறைத்தன. ஆச்சரியம் அதுவல்ல. உடம்பு ஆபத்தான சூட்டை எட்டுவதற்கு முன்பே குறைத்தன! கஜானா காலியாகும் முன்பே செலவைச் சுருக்கும் கணக்குப்பிள்ளை. இந்தக் கணக்குப்பிள்ளையின் பாஷையை எண்ணாக்க முடியுமா என்று யோசித்தவர் ஸ்வீடனின் உளவியலாளர் குன்னார் போர்க். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று ஓடுகிறவரையே கேட்டுவிடலாம் என்றார். அதற்கு ஓர் அளவுகோல் செய்தார். அது 1-லும் தொடங்காது, 0-விலும் தொடங்காது. 6-ல் தொடங்கி 20-ல் முடியும்! என்ன கிறுக்கு எண் என்று தோன்றும். பத்தால் பெருக்குங்கள்: 60 முதல் 200. இளவயது ஆரோக்கியமான ஒருவரின் இதயத் துடிப்பு! வாயால் சொல்லும் எண்ணும் நெஞ்சுக்குள் அடிக்கும் எண்ணும் ஏறக்குறைய பொருந்தும்படி செய்த அளவுகோல் அது.

குளிரின் சூழ்ச்சி இங்கேதான். அதே வேகத்தில் ஓடும்போது வெயிலில் 15 என்று தோன்றுவது குளிரில் 13 என்று தோன்றலாம். மூச்சு லேசு, வியர்வை இல்லை, கால் பறக்கிறது. போதாக்குறைக்கு, தொடக்கக் கோட்டில் அரை மணி நேரம் வெடவெடத்து நின்றவருக்கு ஓடினால்தான் சூடு. யார் அடக்கி ஓடுவார்? முதல் ஐந்து கிலோமீட்டரில் பறந்துவிடுவார்கள். உடம்பில் சர்க்கரையாகச் சேமித்து வைத்திருக்கும் எரிபொருள் சுமார் 2,000 கலோரி. 60 கிலோ ஆள் மாரத்தான் முடிக்க ஏறக்குறைய 2,500 வேண்டும். எவ்வளவு அவசரமாக எரிக்கிறோமோ அவ்வளவு சர்க்கரை, அவ்வளவு குறைவாகக் கொழுப்பு. 30, 32-வது கிலோமீட்டரில் சர்க்கரை தீர்கிறது. ஓட்டக்காரர்கள் இதைத்தான் சுவரில் மோதினேன் என்பார்கள். வெயில் நாளில் சுவரில் மோதியவர் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடிக்கலாம். குளிர் நாளில் மோதியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. எரிபொருள் தீர்ந்தது, வேகம் விழுந்தது, அடுப்பு அணைந்தது, நடுக்கம் தொடங்கியது. அந்த நடுக்கமும் சர்க்கரையைத்தான் தின்னும்! பட்ட காலிலே படும் என்பது இதுதான்.

இதில் தண்ணீர் சேர்ந்தால்? தண்ணீர் சூட்டைக் கடத்தும் திறன் காற்றைப்போல ஏறக்குறைய 25 மடங்கு. நனைந்த பனியன் உடுப்பல்ல, உடம்பில் ஒட்டிய வடிகால். அதனால்தான் 3 டிகிரி மழை, மைனஸ் 5 டிகிரி வறட்குளிரைவிடக் கொடியது என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பனி உதறினால் விழும், மழை விழாது. மழையே இல்லாவிட்டாலும், குளிருக்குப் பயந்து மூன்று சட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர் பத்தாவது கிலோமீட்டரில் உள்ளிருந்தே நனைந்திருப்பார். பழகியவர்கள் அதற்கென்றே பழைய ஸ்வெட்டரையோ, கழுத்துக்கு ஓட்டை போட்ட குப்பைப் பையையோ மாட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நின்று, மணி அடித்ததும் கழற்றி வீசிவிட்டு ஓடுவார்கள். பெரிய மாரத்தான்களின் தொடக்கத்தில் சாலையோரம் துணிக்கடை கொட்டிக் கவிழ்த்ததுபோல இருக்கும்! அவற்றைப் பொறுக்கி இல்லாதவர்களுக்கு அனுப்புகிற வழக்கமும் உண்டு.

காற்றின் குளிர்ச்சியை முதலில் எப்படி அளந்தார்கள் தெரியுமா? அண்டார்க்டிகாவில், ஒரு தண்ணீர்ப் புட்டியை வைத்து! 1940-களின் தொடக்கத்தில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் முகாமின் கூரைக்குமேல் பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரைத் தொங்கவிட்டு, அது உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று காற்றின் வேகத்தோடு சேர்த்துக் குறித்தார்கள். இன்று வானிலை அறிக்கைகளில் வருகிற ‘விண்ட் சில்’ எண்ணின் கொள்ளுத்தாத்தா அந்தப் புட்டி. 2001-ல் அதைத் திருத்தியபோது புட்டிக்குப் பதில் மனித முகம்! டொரன்டோவில் 12 தன்னார்வலர்களைக் குளிர்ந்த காற்றுச் சுரங்கத்துக்குள் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, கன்னத்தில் கருவி ஒட்டி அளந்தார்கள்.

ஓடுகிறவருக்கு ஒரு கூடுதல் சங்கடம்: அவரே காற்றை உண்டாக்குகிறார். எதிரே 30 கி.மீ. காற்று, இவர் வேகம் 15 என்றால் முகத்துக்கு 45. விண்ட் சில் அட்டவணையில் 3 டிகிரிக்கு நேரே பார்த்தால் அது மைனஸ் 4 அளவுக்கு உறைக்கும், அதுவும் காய்ந்த தோலுக்கு! எதிர்ப்பு விசையோ வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கி.மீ. ஓடும்போது காற்று தடுக்கும் விசையைப்போல 9 மடங்கு அங்கே! மூன்று மடங்கு அல்ல, ஒன்பது!

அப்படியானால் முன்னால் ஒருவரை விட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடினால்? இதை அளந்தவர் கிரிஃபித் பியூ. 1953-ல் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் ஏறினார்களே, அந்தக் குழுவோடு போன உடலியல் விஞ்ஞானி இவர். மலையில் நாளுக்கு மூன்று லிட்டருக்குமேல் குடித்தே ஆகவேண்டும் என்று ஏறுகிறவர்களை விரட்டியவர். 1971-ல் இவர் வெளியிட்ட ஆய்வுப்படி, நடுத்தூர ஓட்டத்தின் வேகத்தில் ஒருவர் செலவழிக்கும் சக்தியில் சுமார் 8 சதவீதம் காற்றைக் கிழிக்கவே போகிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் இன்னொருவர் பின்னால் ஓடினால் அதில் 80 சதவீதம் மிச்சம்! சும்மா கிடைக்கிற காசு. 2018 பாஸ்டனில் பெண்களின் முன்னணிக் கூட்டம் தொடக்கத்தில் ஊர்வலம்போல ஒட்டி ஒட்டி ஓடியதன் ரகசியம் இதுதான். யாருக்கும் முதலில் போக ஆசையில்லை!

பியூவைப் பற்றி இன்னொன்று. இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டு நிலத்தில் ‘ஃபோர் இன்ஸ் வாக்’ என்ற நெடுநடைப் போட்டியில் மழையும் காற்றும் சேர்ந்து மூன்று சாரண இளைஞர்கள் இறந்தார்கள். உறைபனிகூட இல்லை. பியூ அதைத் துருவி ஆராய்ந்தார். நனைந்த, காற்றடித்த உடை வெப்பத்தைப் பிடித்துவைக்கும் சக்தியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது; வேகமாக நடந்தவரை உடம்பு அதை ஈடுகட்டியது; களைத்து நடை தளர்ந்ததும் ஈடுகட்ட முடியவில்லை. அறுபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்ட விஷயம்.

எழுதிவைத்து என்ன பயன்? 2021 மே 22, சீனாவின் கான்சூ மாகாணம், பாயின் நகருக்கு அருகே மஞ்சள் நதிக் கல்வனத்தில் 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள். இரண்டாவது சாவடிக்கும் மூன்றாவதற்கும் நடுவே, வாகனம் ஏற முடியாத, சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் ஆலங்கட்டியும் உறைமழையும் புயல்காற்றும் பிடித்துக்கொண்டன. காற்றைத் தாங்கும் மேலுடை கட்டாயமாக்கப்படவில்லை. பலர் அரைக்கால் சட்டையோடு இருந்தார்கள். 21 பேர் இறந்தார்கள். அதில் லியாங் ஜிங் சீனாவின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர். முன்னால் ஓடியவர்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டார்கள், ஏற்றத்தில் அவர்கள்தான் மேலே இருந்தார்கள். ஆடு மேய்க்க வந்த ஒருவர் தன் குகைக்குள் ஆறு பேரை இழுத்துப்போய் நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். அந்த ஆறு பேருக்கும் வெளியே இருந்து கிடைத்த அடுப்பு அது.

மறுபடி பாஸ்டனுக்கு வருவோம். குளிரில் அடிக்கடி ஒன்றுக்கு வருவது ஏன் தெரியுமா? சிரிக்காதீர்கள், பந்தயத்தின் தலைவிதியையே மாற்றிய சங்கதி இது! குளிர் பட்டதும் கை, கால், தோலில் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் நடுவுடம்புக்குத் திரும்புகிறது. அங்கே நெரிசல் கூடியதும், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போட்டு வெளியேற்றத் தொடங்குகிறது. தாகமும் மங்கிவிடும், குடிப்பது குறைவு, போவது அதிகம். 2018-ல் ஏறக்குறைய பாதித் தூரத்தில், முன்னணியில் ஓடிய ஷாலேன் ஃப்ளானகன் திடீரென்று சாலையோரக் கழிப்பறைக்குள் ஓடினார். சுமார் 14 விநாடியில் வெளியே வந்துவிட்டார்! அந்த நேரத்தில் லிண்டன் என்ன செய்தார்? வேகத்தைக் குறைத்துத் தோழிக்காகக் காத்திருந்தார்! தனக்கே உடம்பு சரியில்லை, இன்று பாதியில் விலகிவிடுவேன், அதற்குள் உனக்கு உதவி வேண்டுமானால் செய்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஃப்ளானகனுக்குக் காற்றைத் தடுத்தபடி கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு பார்த்தால், முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உதிர, விலகப்போன இவர் முன்னணியில் நிற்கிறார்!

நான் இதைக் கருணைக் கதையாக மட்டும் படிப்பதில்லை. இன்றைக்கு ஜெயிக்கப்போவதில்லை என்று முடிவுகட்டியவர் அவசரப்படுவதில்லை. எத்தியோப்பியாவின் மாமித்து தாஸ்கா தனியே பிய்த்துக்கொண்டு முன்னே ஓடியபோது, காற்று முழுவதையும் தன் நெஞ்சில் வாங்கினார். முடிவுப் பட்டியலின் முதல் ஐந்தில் அவர் பெயர் இல்லை. மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? கனடாவின் கிறிஸ்டா டூஷீன், 41 வயது, மூன்று குழந்தைகளின் தாய். ஐந்தாவதாக வந்தவரோ சிறப்பு அழைப்பாளர் வரிசையில் நிற்கவேயில்லை. பொதுமக்களோடு பின்னால் புறப்பட்டவர்! தனக்கு முன்னே ஓடியவர்கள் கண்ணிலேயே படாமல், வெறும் கடிகாரத்தில் அவர்களை முந்தினார்.

பெண்கள் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 14 மாரத்தான்களிலிருந்து 91,929 ஓட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டாம் பாதியில் ஆண்கள் சராசரியாக 15.6 சதவீதம் தளர்ந்தார்கள். பெண்கள் 11.7 சதவீதம். 2018 பாஸ்டன் புயலில் பாதியில் விலகிய ஆண்களின் விகிதம் முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 80 சதவீதம் எகிறியது; பெண்களின் விகிதம் 12 சதவீதம்தான்! காரணம் என்ன என்று உடலியல்காரர்கள் ஒன்று சொல்வார்கள், உளவியல்காரர்கள் ஒன்று சொல்வார்கள். தொடக்கத்தில் அடக்கி வாசித்தவர்கள் யார் என்று கேட்டால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கை விறைத்துப்போவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலத்தைப் பிரிக்க விரல் வேண்டுமே! பல்லால் கடித்துக் கிழிக்கலாம் என்றால் தாடை ஆடுகிறது. தசையின் சூடு ஒரு டிகிரி குறைந்தால் அது வெளிப்படுத்தும் உச்ச விசை 4 முதல் 6 சதவீதம் வரை விழும் என்று அளந்திருக்கிறார்கள். நுரையீரல் உறைந்துபோகுமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மைனஸ் 20 டிகிரிக் காற்றைக்கூட மூக்கும் தொண்டையும் உள்ளே போவதற்குள் சூடாக்கிவிடுகின்றன. கெடுதல் குளிரால் அல்ல, வறட்சியால். மூச்சுக்குழாய் உலர்ந்து சுருங்கும். பனிச்சறுக்கு நெடுந்தூரப் போட்டிகளை மைனஸ் 20-க்குக் கீழே நடத்துவதில்லை என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் சைபீரியாவின் யாக்கூத்தியாவில் 2022 ஜனவரியில் மைனஸ் 53 டிகிரியில் மாரத்தான் ஓடினார்கள்! வென்றவர் 3 மணி 22 நிமிடத்தில் முடித்தார், இமை முழுக்கப் பனி காய்த்துத் தொங்க. நம் லடாக்கும் சளைத்ததல்ல: 2023 பிப்ரவரி 20-ல், உறைந்துபோன பாங்காங் ஏரியின்மேல், 13,862 அடி உயரத்தில், 75 பேர் 21 கி.மீ. ஓடினார்கள். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். குளிருக்காக வேகமாக ஓடவும் முடியாது, காற்றுக்காக மெதுவாகப் போகவும் முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு!

ஜப்பானில் புத்தாண்டு என்றால் ஹக்கோனே எக்கிடென். ஜனவரி 2, 3 தேதிகளில் பல்கலைக்கழக மாணவர்கள் டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைக்குப் போய்த் திரும்பும் 217 கி.மீ. தொடர் ஓட்டம். பத்துப் பேர், தோளில் ஒரு துணிப் பட்டை. அதை அடுத்தவர் கையில் சேர்த்தே ஆகவேண்டும். ஐந்தாவது ஓட்டக்காரர் வியர்வையோடு மலை ஏறி, உச்சிக் காற்றில் இறங்க வேண்டும். 2015-ல் முதலிடத்தில் பட்டையைக் கையில் வாங்கிய கோமாஸாவா பல்கலைக்கழக மாணவர், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்னே உடல்சூடு குறைந்து விழுந்து விழுந்து எழுந்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்தப் பந்தயம் 1920-ல் பிறக்கக் காரணமானவர் ஷிசோ கனாகுரி. அவருடைய சொந்த மாரத்தான் நேரம் எவ்வளவு தெரியுமா? 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி! 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் வெயில் தாங்காமல் மயங்கி, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967-ல் ஸ்வீடன்காரர்கள் அவரை அழைத்துவந்து மிச்ச தூரத்தை ஓடவைத்தார்கள். நடுவில் கல்யாணம் ஆகி, ஆறு பிள்ளைகள், பத்துப் பேரப்பிள்ளைகள். வெயிலில் கவிழ்ந்தவர் தொடங்கிவைத்த பந்தயத்தில் குளிரில் கவிழ்கிறார்கள்!

கவாவுச்சியும் அந்த ஹக்கோனே மலைப்பாதையில் ஏறாவிட்டாலும் அதில் இறங்கியவர், ஆறாவது ஆளாக. பாஸ்டனில் வென்றபோது அவர் சைத்தாமா மாகாண அரசு ஊழியர், பள்ளிக்கூட அலுவலகத்தில் முழுநேர வேலை. பயிற்சியாளர் கிடையாது. வாரக்கடைசியில் எங்கே பந்தயம் என்றாலும் போய்விடுவார்; கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அரை மாரத்தான் ஓடியவர் வேறு! அன்று முதல் மைலை 4 நிமிடம் 37 விநாடியில் பறந்தார். அட, இவ்வளவு நேரம் அடக்கி ஓடணும் என்று சொன்னதெல்லாம்? அதுதான் எனக்கும் இன்றுவரை உறுத்துகிறது. ஆனால் அவருக்கு இது புதுக் குளிர் அல்ல. அதே 2018-ன் ஜனவரி 1-ல், பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே மார்ஷ்ஃபீல்ட் என்ற ஊரில், மைனஸ் 17 டிகிரியில் 2:18:59-ல் ஒரு மாரத்தானை ஒத்திகைபோல ஓடிவிட்டுப் போயிருந்தார். ஏப்ரலில், பின்தங்கி, மறுபடி எழும்பி, சுமார் 40-வது கிலோமீட்டரில் முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஜெஃப்ரி கிருயியைப் பிடித்தார். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். முடிவுக்கோட்டில் இருவருக்கும் இடைவெளி 2 நிமிடம் 25 விநாடி! கிருயியின் அடுப்பு எப்படி அணைந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் அரிசோனாவில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர். நுழைவுக் கட்டணத்தைத் தானே கட்டியவர். வாழ்க்கையிலேயே அது அவருக்கு இரண்டாவது மாரத்தான். முதல் மாரத்தானில் 2:44:27. இந்தப் புயலில், உலகப் பிரபலங்கள் கால் மணி நேரம் இழந்த அன்று, 2:44:04. முடிவுக்கோட்டைத் தாண்டியதும் அங்கிருந்தவர்களிடம், நான் எத்தனையாவதாக வந்தேன் என்று கேட்டார். இரண்டாவது என்றார்கள். பரிசு 75,000 டாலர். அவர் நம்பவில்லை.